மண்டியிட்ட யானைகள்

உலகக் கோப்பை வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில் உள்நாட்டுப் போர். நாடே இரண்டாகக் கிடக்கிறது. அந்த நாட்டின் கால்பந்து நட்சத்திரம் டிடியே ட்ரோக்பா மைக்கைப் பிடித்து, மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்கிறார். ஒரே வாரத்தில் போர் நின்றுவிடுகிறது. கடைசியில் கைகூப்பும் எமோஜி. சென்ற முறை இதை எனக்கு அனுப்பியவன் என் அக்கா மகன். கல்லூரி அணியில் ஆடுகிறவன், செல்சி மேட்ச் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ‘அப்படி நடக்கலடா, போர் அதுக்கப்புறமும் நடந்துச்சு’ என்று பதில் போட்டேன். உடனே வந்தது: ‘இருக்கட்டுமே மாமா. நல்ல விஷயம்தானே சொல்லியிருக்கு, இதுல என்ன கெட்டுப்போச்சு?’

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ட்ரோக்பாவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நாட்டின் கால்பந்து அணி அந்த நாட்டின் சண்டைக்கு வெளியே, மேகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது போலவும், நேரம் பார்த்து இறங்கி வந்து சமாதானம் செய்துவைத்தது போலவும் சொல்லும்போது ஏதோ உறுத்துகிறது. யானைகள் என்று அழைக்கப்படும் அந்த அணி சண்டைக்குள்ளேயேதான் இருந்தது. சண்டையே, யார் அந்த நாட்டுக்காரர் என்பதைப் பற்றியது.

முதலில் வீடியோ. 2005 அக்டோபர் 8. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி நாள். ஒரு மாதம் முன்பு அபிஜானில், சொந்த மண்ணில், கேமரூனிடம் 3-2 என்று தோற்றதில் ஐவரி கோஸ்ட்டின் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது. கேமரூன் ஒரு புள்ளி முன்னே. கடைசி நாளில் ஐவரி கோஸ்ட் சூடானின் ஓம்துர்மானில் 3-1 என்று ஜெயித்தது. அதே நேரம் யாவுண்டேயில் கேமரூனும் எகிப்தும் 1-1. ஆட்டம் முடிகிற தறுவாயில் கேமரூனுக்கு ஒரு பெனால்டி. அடித்தவர் பியர் வோமே. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த ஒரு கம்பத்தால்தான் ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. வோமே தன் சொந்த நாட்டிலேயே உயிருக்குப் பயந்து ஒளிய வேண்டியதாயிற்று. அவரைப் பற்றி யாரும் ஃபார்வேர்டு அனுப்புவதில்லை.

டிரஸ்ஸிங் ரூமுக்குள் ஐவரி கோஸ்ட் அரசுத் தொலைக்காட்சியின் கேமரா. வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். நடுவில் ட்ரோக்பா, கையில் மைக். வடக்கு, தெற்கு, நடு, மேற்கு என்று ஒவ்வொரு திசையாகச் சொல்லி மக்களைக் கூப்பிடுகிறார். நாம் எல்லோரும் சேர்ந்து வாழ முடியும், ஒரே குறிக்கோளோடு ஆட முடியும் என்று இன்று காட்டிவிட்டோம் என்கிறார். அப்புறம் எல்லோரும் மண்டியிடுகிறார்கள். மன்னியுங்கள் என்கிறார், திரும்பத் திரும்ப. இவ்வளவு வளம் உள்ள நாடு போரில் அழியக் கூடாது, ஆயுதங்களை வையுங்கள், தேர்தல் நடத்துங்கள். சட்டென்று எழுந்து பாடவும் ஆடவும் தொடங்குகிறார்கள். மொத்தம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஃபார்வேர்டுகளில் விட்டுப்போகும் சொல் ஒன்று இதில் உண்டு: தேர்தல். அந்த மாதக் கடைசியில் ஐவரி கோஸ்ட்டில் அதிபர் தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. நடக்கவில்லை. ஐ.நா.வின் ஒப்புதலோடு அதிபர் லோரான் பாக்போவின் பதவிக்காலம் நீட்டப்பட்டது. மூன்றே வாரத்தில் அந்த வேண்டுகோளின் பாதி தள்ளிப்போனது.

யார் நம்ம ஆள்?

ஐவரி கோஸ்ட் என்றால் கொக்கோ. உலகில் யாரும் அவ்வளவு விளைவிப்பதில்லை. 1960-ல் விடுதலை பெற்ற நாள் முதல் 1993-ல் சாகும்வரை அதிபராக இருந்தவர் ஃபெலிக்ஸ் ஊஃபுவே-புவாஞி. காட்டைத் திருத்தி உழுகிறவனுக்கு நிலம் சொந்தம் என்பது அவர் கொள்கை. வடக்கிலிருந்தும், எல்லை தாண்டி புர்கினா ஃபாசோ, மாலியிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வந்து தெற்கின் காடுகளைத் தோட்டமாக்கினார்கள். விலை நன்றாக இருந்தவரை யாரும் யாருடைய பூர்வீகத்தையும் கேட்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் கொக்கோ விலை விழுந்தது, பிறகு கிழவரும் போனார். அடுத்து வந்த ஹென்ரி கோனான் பெதியே, ‘ஐவரித்தன்மை’ என்ற ஒன்றைக் கையில் எடுத்தார். நமக்குப் பழக்கமான மண்ணின் மைந்தர் அரசியல்தான். தூரே, கோனே, வத்தாரா என்று பெயர் இருந்தால் வடக்கத்தி முஸ்லிம், அதனால் பாதி வெளிநாட்டான் என்ற கணக்கு. முன்னாள் பிரதமர் அலசான் வத்தாராவின் பெற்றோர் இந்த நாட்டவர்தானா என்று கேட்டு, 2000 அதிபர் தேர்தலில் அவரை நிற்கவிடாமல் செய்தார்கள். சாலைச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள்.

கால்பந்து இதற்கெல்லாம் மருந்தாக இருந்தது என்று நம்ப ஆசைதான். 1992-ல் செனகலில் ஐவரி கோஸ்ட் முதன்முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்காமல், இறுதியில் கானாவை பெனால்டியில் 11-10 என்று வீழ்த்தியது. இரண்டு பக்கமும் கோல்கீப்பர் உட்பட எல்லோரும் அடித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவந்த ஷூட் அவுட் அது. கோல்கீப்பர் அலேன் குவாமெனே நாட்டின் நாயகன் ஆனார். சரி, அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 1993-ல் அபிஜானின் ஆசெக் மிமோசா கிளப் கானாவின் குமாசியில் ஆடித் தோற்றது. அங்கே ஐவரி ரசிகர்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும், அபிஜானில் குடியிருந்த கானாக்காரர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு கானாவுக்கு ஓடினார்கள். சேர்த்துவைக்கும் கால்பந்தும் அதுதான், தீ வைத்த கால்பந்தும் அதுதான்.

2000-ல் இன்னொரு கூத்து. 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ராணுவத் தளபதி ரோபர் கேய் ஆட்சியைப் பிடித்திருந்தார். ஆப்பிரிக்கக் கோப்பையில் அணி முதல் சுற்றிலேயே வெளியேறித் திரும்பியது. விமானம் அபிஜானில் இறங்கவில்லை. வீரர்களை யாமுசுக்ரோவுக்குக் கொண்டுபோய், ராணுவ முகாமில் சில நாட்கள் அடைத்துவைத்தார்கள். தேசப்பற்று என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்கட்டுமாம். அணியைத் தன் சொத்தாக நினைக்கும் ஆட்சியாளர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதைத் தோல்விக்குத் தண்டனையாகக் காட்டியவர்கள் குறைவு.

ட்ரோக்பா நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடியது 2002 செப்டம்பர் 8, அபிஜானில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, கிளர்ச்சி வெடித்தது. அதற்குள் பதவி இழந்திருந்த கேய் அன்றே கொல்லப்பட்டார். வடபாதி கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. அவர்களுடைய தலைநகர் புவாக்கே, நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். நடுவே பிரெஞ்சு ராணுவமும் ஐ.நா. படையும் குறுக்கே நின்றன. இதற்கு நடுவில்தான் அந்தத் தலைமுறை உருவானது. அபிஜானில் ஆசெக் கிளப்புக்காக ழான்-மார்க் கியு நடத்திய பயிற்சிப் பள்ளியிலிருந்து கோலோ தூரே, யாயா தூரே, திதியே சொகோரா, எபுவே, சாலமோன் கலு, ஜெர்வீன்யோ என்று வரிசையாக வந்தார்கள். தூரே சகோதரர்களின் ஊர் புவாக்கே. ட்ரோக்பாவோ தென்மேற்கின் பெத்தே இனத்தவர், அதிபர் பாக்போவின் இனம். ஐந்து வயதில் பிரான்சில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சோதனைச் சாவடியில் தனித்தனியாக நிறுத்தப்படும் பெயர்கள் ஒரே ஜெர்சியின் முதுகில் இருந்தன. டிரஸ்ஸிங் ரூம் வேண்டுகோளுக்கு எடை வந்தது இதனால்தான். ட்ரோக்பா உலகப் புகழ் பெற்றவர் என்பதால் மட்டும் அந்த எடை வந்துவிடவில்லை.

வேண்டுகோளுக்குப் பிறகு

2006 ஜனவரியில், ஆப்பிரிக்கக் கோப்பைக்காக அணி எகிப்து போயிருந்த நேரத்தில், பாக்போ ஆதரவு இளைஞர் கும்பல்கள் அபிஜான் தெருக்களை மூடி ஐ.நா. தலைமையகத்தை முற்றுகையிட்டன. மேற்கில் கிக்லோ ஊரில் ஐ.நா. முகாமையே காலி செய்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. வேண்டுகோள் விட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சில வாரங்களில் அதே அணி கெய்ரோ இறுதிப் போட்டிவரை போய், பெனால்டியில் எகிப்திடம் தோற்றது. ட்ரோக்பாவின் பெனால்டியும் தடுக்கப்பட்டது. ஜெர்மனி உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவிடமும் நெதர்லாந்திடமும் 2-1, 2-1 என்று தோற்று, கடைசியில் செர்பியா-மாண்டினீக்ரோவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி 3-2 என்று ஜெயித்து ஊர் திரும்பியது. நாடு அப்போதும் இரண்டு துண்டுதான்.

பேச்சுவார்த்தையின் முடிச்சு துப்பாக்கியில் இருந்ததைவிட காகிதத்தில் இருந்தது. அடையாள அட்டையைக் கொடுங்கள், துப்பாக்கியைத் தருகிறோம் என்பதுதான் கிளர்ச்சியாளர்களின் வாதம். 2006-ல் நடமாடும் நீதிமன்றங்கள் ஊர் ஊராகப் போய், பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அதை வழங்கத் தொடங்கின. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, இவன் இன்னார் மகன், இங்கேதான் பிறந்தான் என்று சாட்சி சொல்ல வேண்டும், நீதிபதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். வடக்கத்தியானுக்கெல்லாம் ஓட்டு போகிறது என்று தெற்கில் கலவரம் வெடித்து, அந்த வேலை தடைப்பட்டது. 2007 மார்ச் 4 அன்று புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகாடூகூவில் பாக்போவும் கிளர்ச்சித் தலைவர் கியோம் சோரோவும் ஒப்பந்தம் போட்டார்கள். நடுவர், அந்த நாட்டின் அதிபர் ப்ளேஸ் கொம்பவோரே. கிளர்ச்சிக்கே அவர்தான் பின்பலம் என்று பல வருடமாகக் குற்றம்சாட்டப்பட்டவர், அவரே பஞ்சாயத்து! சோரோ பிரதமர் ஆனார். நடமாடும் நீதிமன்றங்கள் மறுபடி கிளம்பி, லட்சக்கணக்கானோருக்குச் சான்றிதழ் கொடுத்தன. போரை உண்மையில் தணித்தது எது என்று என்னைக் கேட்டால், மர நிழலில் போட்ட அந்த மேசையையும் ரப்பர் ஸ்டாம்பையும்தான் சொல்வேன். அதை வைத்து யாரும் ஃபார்வேர்டு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

புவாக்கேயில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம்

ட்ரோக்பா செய்ததில் பெரிய காரியம் எது என்றால் எனக்கு மண்டியிட்டது இரண்டாவது இடத்தில்தான் வரும். ஒப்பந்தம் கையெழுத்தான அதே மார்ச் மாதம், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதோடு அவர் கிளர்ச்சிக்காரர்களின் நகரமான புவாக்கேக்கே போனார். விருதை அங்குள்ள மக்களுக்குக் காட்டினார். மடகாஸ்கருக்கு எதிரான அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் இங்கேதான் என்று அறிவித்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். போர் தொடங்கியதும் அரசு அலுவலர்கள் தெற்கே ஓடிவிட்ட ஊர் அது. வங்கி மூடியிருந்தது. அரசு என்ற ஒன்றே ஐந்து வருடமாக இல்லை. அங்கே ஒரு சர்வதேச ஆட்டம் நடத்த வேண்டுமென்றால், மைதானத்தைச் செப்பனிட வேண்டும். ஒரு வெளிநாட்டு அணி பயமில்லாமல் வந்து இறங்க வேண்டும். அபிஜானிலிருந்து அமைச்சர்களும் ரசிகர்களும் சாலைத் தடைகளைத் தாண்டி முந்நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டும். முக்கியமாக, அரசுச் சிப்பாயும் கிளர்ச்சிச் சிப்பாயும் ஒரே கேட்டில் நின்று டிக்கெட் பார்க்க வேண்டும். சமாதானம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அதை ஒரு சாயங்காலத்துக்காவது நடத்திக் காட்டியாக வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த வீட்டில் பந்தக்கால் நட்டுவிட்டால் அப்புறம் பின்வாங்குவது கஷ்டம் இல்லையா, அப்படி ஒரு நெருக்கடியைத்தான் அந்த ஆட்டம் இரண்டு தரப்புக்கும் கொடுத்தது.

2007 ஜூன் 3. ஸ்டேடியம் பிதுங்கியது. வடக்கு ஐந்து வருடமாகத் தன் அணியை நேரில் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றி இரண்டு சீருடைகள். நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் ஒரே தேசிய கீதத்துக்கு நின்றார்கள். ஆட்டம் என்னவோ ஒருதலைப்பட்சம்தான், 5-0. மடகாஸ்கரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கூட்டத்துக்கு நடுவே யார் வந்திருந்தாலும் அதே கதிதான். தூரே சகோதரர்கள் சொந்த ஊரில் நாட்டுக்காக ஆடினார்கள். ஐந்து கோலுக்கும் ஐந்து வருடப் போருக்கும் முடிச்சுப் போட்டு மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

சரி, அதோடு முடிந்ததா? ஜூன் 29 அன்று, ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே புவாக்கே விமான நிலையத்தில் பிரதமர் சோரோவின் விமானத்தின் மீது ராக்கெட் வீசினார்கள். அவர் தப்பினார், உடன் வந்தவர்கள் சிலர் செத்தார்கள். ஒப்பந்தம் முறியும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முறியவில்லை. ஜூலை 30 அன்று பாக்போ புவாக்கே வந்தார், போர் தொடங்கியபின் முதன்முறையாக. மடகாஸ்கர் ஆட்டம் நடந்த அதே ஸ்டேடியத்தில் துப்பாக்கிகளைக் குவித்துத் தீ மூட்டினார்கள். அந்த ராக்கெட் வீச்சு ஜூன் ஆட்டத்துக்கு முன்னால் நடந்திருந்தால் பாக்போ அந்த ஊருக்கு வந்திருப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கென்னவோ வந்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அதன் பிறகும் கதை உண்டு

ஃபார்வேர்டு இதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆனால் தேர்தல் தள்ளித் தள்ளி 2010-ல்தான் நடந்தது. வத்தாரா ஜெயித்தார், பாக்போ இறங்க மறுத்தார். மறுபடி போர். சுமார் 3000 பேர் செத்தார்கள். 2011 மார்ச் கடைசியில் ஐவரி கோஸ்ட் தன் சொந்த மண்ணில் ஆட வேண்டிய பெனின் ஆட்டத்தை கானாவின் அக்ராவில் ஆடியது. அதே வாரத்தில் மேற்கே துவேக்குவேயில் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 11 அன்று பாக்போ கைதானார். ட்ரோக்பா அதே வருடம் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் ஓர் உறுப்பினராக உட்கார்ந்தார். அந்த ஆணையம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பதுதான் அங்குள்ளவர்களின் பொதுவான புலம்பல். ஆனால் அவர் போய் உட்கார்ந்தார். ஒரு நிமிட வீடியோவைவிட அது அலுப்பான வேலை.

அக்கா மகனுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஒரு மனிதர் கேட்டுக்கொண்டார், போர் நின்றது என்று சொன்னால், போர் என்பது ஏதோ கோபத்தில் நடந்த கைகலப்பு, நல்லவர் ஒருவர் அதட்டினால் அடங்கிவிடும் என்றாகிவிடுகிறது. 2011-ல் செத்தவர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் இல்லை. கெட்டுப்போனது அதுதான்டா.

கோப்பையிலும் அந்தத் தலைமுறைக்கு நேர்ந்தது விசித்திரம். 2012 ஆப்பிரிக்கக் கோப்பையில் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்காமல் போய், இறுதிப் போட்டியில் ஜாம்பியாவிடம் பெனால்டியில் தோற்றார்கள், ஆட்டத்துக்குள் கிடைத்த பெனால்டியை ட்ரோக்பா மேலே அடித்தார். அவர் நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2015-ல், மறுபடி கானாவை மறுபடி பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்தார்கள். கோல்கீப்பர் பூபகார் பாரி ஒன்றைத் தடுத்து, வெற்றிக்கான பெனால்டியைத் தானே அடித்தார். அபிஜானில் ஒரு லிட்டர் பீர் பாட்டிலுக்கே ட்ரோக்பா என்று பெயர், அந்த அளவுக்கு அவர் பிரபலம். இருந்தும் 2022-ல் நாட்டின் கால்பந்து சம்மேளனத் தலைவர் பதவிக்கு நின்று, முதல் சுற்றிலேயே தோற்றார். ஓட்டுப் போட்டவர்கள் கிளப் நிர்வாகிகள். ஆயுதம் ஏந்தியவர்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் போலிருக்கிறது.

2024-ல் சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பை. எக்குவடோரியல் கினியிடம் 4-0 என்று தோற்று மானம் கப்பலேறியது. நடுத்தொடரில் பயிற்சியாளர் கஸ்ஸே போனார், உதவியாளர் எமெர்ஸ் ஃபாயே வந்தார். மொரோக்கோ ஜாம்பியாவை வென்ற புண்ணியத்தில் மூன்றாமிடத்து அணிகளில் ஒன்றாக உள்ளே நுழைந்து, கோப்பையையே தூக்கினார்கள். இறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக வெற்றி கோல் செபாஸ்டியன் ஹாலேருடையது. பாரிஸுக்கு அருகே பிறந்தவர், தாய் ஐவரி கோஸ்ட்டுக்காரர். பிரான்சின் இளையோர் அணிகளில் ஆடிவிட்டு 2020-ல் இந்தப் பக்கம் வந்தார். புற்றுநோயிலிருந்து மீண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் நம்ம ஆள்தானா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். முக்கிய எதிர்க்கட்சியின் வேட்பாளர் திஜான் தியாம், அபிஜானில் பிறந்தவர், முன்னாள் அமைச்சர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியதால் அவருடைய ஐவரி குடியுரிமை போய்விட்டது என்று சொல்லி, 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த பிரெஞ்சு பாஸ்போர்ட்டைச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் திருப்பிக் கொடுத்திருந்தார். அக்டோபரில் நான்காம் முறையாக அதிபர் ஆனவர், பெற்றோர் யார் என்று கேட்டு முன்பு தேர்தலில் நிற்கவிடாமல் செய்யப்பட்ட அதே அலசான் வத்தாரா.